ரூன் கல்வெட்டை வாசிப்பது எப்படி? யெல்லிங் சிறிய கல்லைக் கொண்டு ஒரு தொடக்கநிலைப் பயிற்சி

ரூன் எழுத்துகள் என்றதும் குறிசொல்லப் பயன்படும் சிறு கற்களும், கணினி விளையாட்டுகளில் ஒளிரும் மந்திரக் குறிகளுமே இன்று பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவை ஜெர்மானிய மொழிகளைப் பேசிய மக்கள், கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் தொடங்கி இடைக்காலத்தின் இறுதிவரை, சீப்பிலும் ஈட்டிமுனையிலும் மரக்குச்சியிலும் கல்லிலும் தங்கள் பேச்சைப் பதிந்து வைத்த ஒலியெழுத்துகள். டென்மார்க்கின் விமோஸ் சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 160-ஐச் சேர்ந்த சீப்பொன்றில் ‘ஹர்யா’ என்ற ஒரே சொல் கீறப்பட்டுள்ளது. நார்வேயின் பெர்கன் நகரில் 1955-இல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் நடந்த அகழாய்வில், ரூன் எழுத்துகளுடன் 600-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றில் பல, சரக்கு மூட்டைகளில் உரியவரின் பெயர் எழுதிக் கட்டப்பட்ட மரத் துண்டுகள். எனவே இந்த எழுத்தை அணுகும்போது மந்திரத்தை ஒதுக்கிவைத்து, மொழியைத் தேட வேண்டும்.

இந்தப் பயிற்சியில் பதினொரு சொற்களே உள்ள ஒரு கல்வெட்டை முழுமையாக வாசிப்போம். ரூனியல் அறிஞர்கள் மூன்று வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறார்கள். கல்லில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தெழுதுவது ஒன்று, அதை அக்கால மொழியின் ஒலிவடிவத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று, பொருள் கொள்வது மூன்றாவது. இவற்றைக் கலந்துவிடாமல் இருப்பதே இந்தத் துறையின் அடிப்படை ஒழுக்கம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: கல்லையும் அதன் எண்ணையும் அறிதல்

நாம் வாசிக்கப்போகும் கல், டென்மார்க்கின் யூட்லாந்துத் தீபகற்பத்தில், யெல்லிங் என்னும் ஊரின் தேவாலய முற்றத்தில் நிற்கிறது. அங்கே அருகருகே இரண்டு கற்கள் உள்ளன. சிறியதை மன்னன் கோர்மும், பெரியதை அவன் மகன் ஹரால்டும் செய்வித்தனர். இரண்டும் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இவ்விடம் சேர்க்கப்பட்டது. 2011-இல் யாரோ சாயம் தெளித்துக் கற்களைச் சேதப்படுத்திய பிறகு, கண்ணாடிக் கூண்டுகள் அமைத்து அவற்றைப் பாதுகாக்கிறார்கள். சிறிய கல் முதலில் எங்கே நாட்டப்பட்டிருந்தது என்பது உறுதியாகத் தெரியாது. ஒரு கல் தன் இடத்திலேயே நிற்கிறதா, பெயர்க்கப்பட்டதா என்பது பொருள் கொள்வதையும் பாதிக்கும் என்பதால், இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ரூன் கல்வெட்டுக்கும் ஒரு பட்டியல் எண் உண்டு. டென்மார்க்கின் கல்வெட்டுகளை லிஸ் யாகப்சனும் எரிக் மோல்ட்கேயும் 1941-42-இல் தொகுத்து எண்ணிட்டபோது, இந்தச் சிறிய கல்லுக்கு ‘டிஆர் 41’ என்ற எண்ணும் பெரிய கல்லுக்கு ‘டிஆர் 42’ என்ற எண்ணும் அமைந்தன. சுவீடனில் மாகாணத்தின் பெயர்ச்சுருக்கத்தோடு எண் வரும். இந்த எண்ணைக் கொண்டு தேடினால், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் தரவுத்தளத்திலும், சுவீடனின் உப்சாலாவில் உருவான நார்டிக் ரூன் தரவுத்தளத்திலும் படங்களும் வாசிப்புகளும் கிடைக்கும். பல கற்களின் எழுத்துப் பள்ளங்களில் காணப்படும் சிவப்பு வண்ணம் பெரும்பாலும் இக்காலத்தவர் பூசியது. அது ஒருவருடைய வாசிப்பையே காட்டுகிறது என்பதால், பக்கவாட்டு ஒளியில் எடுத்த படங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: பதினாறு எழுத்துகளைப் பழகுதல்

மிகப் பழைய ரூன் வரிசையில் 24 எழுத்துகள் இருந்தன. சுவீடனின் காட்லாந்துத் தீவில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 400-ஐச் சேர்ந்த கில்வர் கல்லில் அந்த வரிசை முழுவதும் வெட்டப்பட்டுள்ளது. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி ஸ்காண்டிநேவியாவில் அது 16 எழுத்துகளாகச் சுருங்கியது. பேச்சில் உயிரொலிகள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில்தான் எழுத்துகள் குறைந்தன என்பது இத்துறையின் வியப்பான செய்திகளுள் ஒன்று. வைக்கிங் காலக் கற்கள் பெரும்பாலும் இந்தப் பதினாறாலேயே எழுதப்பட்டவை. வரிசையின் முதல் ஆறு ஒலிகளைச் சேர்த்து அதை ‘ஃபுதார்க்’ என்பார்கள்.

ஒவ்வொரு எழுத்துக்கும் பெரும்பாலும் ஒரு செங்குத்துத் தண்டும் அதிலிருந்து சாய்ந்து பிரியும் கிளைகளும் உண்டு. இரண்டு எழுத்துகளை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள்: கைப்பேசியில் உள்ள புளூடூத் சின்னம், ஹரால்டின் பட்டப்பெயரான ‘நீலப்பல்’ என்பதை நினைவூட்டும் வகையில், ‘ஹ்’ ரூனையும் ‘ப்’ ரூனையும் ஒன்றாக இணைத்து வரையப்பட்டது. தொடக்கநிலையில் குழப்பம் தருபவை இரண்டு இணைகள். ‘ம்’ ரூனின் கிளைகள் மேல்நோக்கியும், சொல்லிறுதியில் வரும் ஒரு சிறப்பு ரகர ரூனின் கிளைகள் கீழ்நோக்கியும் இருக்கும்; ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது கிடைக்கும். ‘ன்’, ‘அ’ ஆகிய இரண்டிலும் தண்டை ஒரு சாய்கோடு வெட்டும், ஆனால் அது சாயும் திசை எதிரெதிரானது. இந்த நான்கையும் தாளில் பலமுறை வரைந்து பார்த்த பிறகே கல்லுக்குச் செல்லுங்கள்.

இந்தக் கட்டுரையில் சாதாரண ரகரத்தை ‘ர்’ என்றும், அந்தச் சிறப்பு ரகரத்தை ‘ற்’ என்றும் எழுதுகிறேன். நாக்கைப் பல்லிடை வைத்து ஒலிக்கும் எழுத்துக்கு ‘த்’, நுனிநா எழுத்துக்கு ‘ட்’.

படி 3: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பெயர்த்தெழுதுதல்

சிறிய கல்லில் வரிகள் செங்குத்தாக ஓடுகின்றன. எழுத்து இரண்டு முகங்களில் உள்ளது. சொற்களுக்கு இடையே இரட்டைப் புள்ளி இருப்பதால் சொல் பிரிப்பது எளிது. தண்டுகள் நிமிர்ந்து நிற்கும்வரை படத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாக எழுதுங்கள். முதல் முகத்தில் கிடைப்பது இது:

குர்ம்ற் : குனுக்ற் : க(அர்)தி : குப்ல் : துஸி : அ(ஃப்ட்) : துருஇ : குனு

இரண்டாம் முகத்தில்:

ஸின : டன்மர்கற் : புட்

அடைப்புக்குறிக்குள் இருப்பவை சிதைந்த எழுத்துகள். எஞ்சிய கீறல்களைக் கொண்டு வாசிக்கப்பட்டவை என்பதை அவ்வாறு காட்டுவது மரபு. பதினாறு எழுத்துகளில் பதினான்கு இந்தப் பதினொரு சொற்களுக்குள் வந்துவிடுகின்றன. ‘ஹ்’ ரூனும் மூக்கொலி கலந்த அகர ரூனும் மட்டுமே இல்லை. தொடக்கத்தவருக்கு நான் இந்தக் கல்லைப் பரிந்துரைக்க இதுவே முதற்காரணம். முதற்சொல்லின் இறுதியில் ‘ம்’ ரூனும் ‘ற்’ ரூனும் அடுத்தடுத்து நிற்பதால், மேலே சொன்ன இணையையும் அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தப் படியில் பொருளைப் பற்றி நினைக்கவே கூடாது என்று வலியுறுத்துவதற்கு ஒரு வரலாறு உண்டு. தென் சுவீடனின் ப்ளேக்கிங்கே பகுதியில் ரூனமோ என்ற பாறை இருக்கிறது. அதில் எழுத்து இருப்பதாக இடைக்கால வரலாற்றாசிரியர் சாக்ஸோவே குறிப்பிட்டிருந்தார். மன்னன் வால்டமார் அனுப்பிய ஆட்களால் அதை வாசிக்க முடியவில்லை என்றும் எழுதினார். 1833-இல் டென்மார்க்கின் அறிவியற் கழகம் ஒரு குழுவை அனுப்பிப் பாறையை வரைந்து எடுத்தது. மறு ஆண்டில், ஐஸ்லாந்தைச் சேர்ந்த பேரறிஞர் ஃபின்னூர் மாக்னூசன் அந்த வரைபடத்தை வலமிருந்து இடமாகப் படித்து, பழங்காலப் போர் ஒன்றைப் பற்றிய ஒரு கவிதையையே அதில் கண்டதாக அறிவித்தார். 1844-இல் தொல்லியலாளர் வோர்சோ பாறையை மீண்டும் ஆராய்ந்து, அங்கே எழுத்தே இல்லை, இருப்பவை இயற்கையான விரிசல்கள் என்று நிறுவினார். ஃபின்னூருக்குப் பழைய மொழியில் புலமை குறைவாக இருந்ததில்லை. பொருள் முதலில் வந்து, எழுத்துகள் அதற்கு ஏற்பப் பின்னால் அமைந்துவிட்டன, அவ்வளவுதான். அதனால்தான் ஐயமுள்ள இடத்தில் ஐயக்குறி இடுவதை நான் வாசிப்பின் குறையாகக் கருதாமல், அதன் நேர்மையாகக் கருதுகிறேன்.

படி 4: எழுத்திலிருந்து ஒலிக்கு

தமிழறிந்தவருக்கு இந்தப் படி மற்றவர்களைவிட எளிது. தமிழில் ‘க’ என்ற ஒரே எழுத்து வல்லொலியையும் மெல்லிய அதிரொலியையும் குறிப்பதுபோல, பதினாறு ரூன்களிலும் ‘க்’, ‘ட்’, ‘ப்’ ஆகிய ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளுக்கும் பொது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டாத பழைய ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு, ரூன் எழுத்து உயிரொலியின் நீளத்தைக் காட்டுவதில்லை என்பதும் புதிதாகத் தோன்றாது.

நினைவில் வைக்க வேண்டிய விதிகள் மூன்று. முதலாவது, ‘உ’ ரூன் உகரத்தை மட்டுமல்லாமல் ஒகரத்தையும் வகரத்தையும், ‘துஸி’ போன்ற சொற்களில் ஔகாரத்தையும் குறிக்கும். எனவே ‘குர்ம்ற்’ என்பது கோர்ம் என்ற பெயர். இரண்டாவது, ககர பகரங்களுக்கு முன் வரும் மூக்கொலி பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆகவே ‘குனுக்ற்’ என்பது ‘கொனுங்க்ற்’ என்றும், ‘குப்ல்’ என்பது ‘கும்ப்ல்’ என்றும் விரியும். மூன்றாவது, ‘அ’ ரூன் எகரச் சாயலுள்ள ஒலிக்கும் பயன்படும். அதனால் ‘கர்தி’ ‘கெர்தி’ ஆகிறது. இவற்றைப் பொருத்தினால் கிடைப்பது:

கோர்ம்ற் கொனுங்க்ற் கெர்தி கும்ப்ல் தௌஸி அஃப்ட் தோர்வி கொனு ஸீன டன்மர்கற் போட்

‘குனுக்ற்’, ‘குனு’ ஆகிய இரண்டும் எழுத்தில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். முதலாவது மன்னன், இரண்டாவது மனைவி. சொல் பிரிக்கும் புள்ளிகள் தேய்ந்துபோன கற்களில் இத்தகைய இடங்களே வாசிப்பவரைச் சோதிக்கும்.

படி 5: வேற்றுமையைப் பார்த்துப் பொருள் கொள்ளுதல்

வைக்கிங் கால நினைவுக்கற்களில் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுகின்றன: இன்னார், இன்னாரின் நினைவாக, இதைச் செய்தார் அல்லது நிறுத்தினார், இறந்தவர் அவருக்கு இன்ன உறவு. இந்த வாய்பாட்டை அறிந்தால் பாதிக் கல்வெட்டு தானாகவே விளங்கும். கோர்ம்ற், கொனுங்க்ற் ஆகியவற்றின் இறுதியில் நிற்கும் ‘ற்’ எழுவாயைக் காட்டுகிறது. ‘கெர்தி’ என்பது ‘செய்தான்’. ‘கும்ப்ல் தௌஸி’ என்பது ‘இந்த நினைவுச்சின்னங்கள்’ என்று பன்மையில் நிற்பதைக் கவனியுங்கள். ‘அஃப்ட்’ என்றால் ‘நினைவாக’. அடுத்து வரும் தோர்வி, பிற்கால ஏடுகளில் தைரா என்று அழைக்கப்படும் அரசி. ‘கொனு ஸீன’ என்பது ‘தன் மனைவி’. ‘டன்மர்கற்’ என்பது ஆறாம் வேற்றுமையில் ‘டென்மார்க்கின்’. டென்மார்க் என்ற பெயர் அந்நாட்டு மண்ணிலேயே எழுதப்பட்ட மிகப் பழைய சான்று இது.

எஞ்சியிருப்பது ‘போட்’. சீராக்கம், மேன்மை, அணி ஆகிய பொருள்கள் இச்சொல்லுக்கு உண்டு. ‘டென்மார்க்கின் மேன்மை’ என்ற இந்தப் புகழ் யாருக்குரியது? ‘போட்’ என்ற வடிவம் முதலாம் வேற்றுமையிலும் இரண்டாம் வேற்றுமையிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் இலக்கணத்தால் முடிவு சொல்ல முடியாது. இது கோர்மையே குறிக்கிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. பெரும்பான்மை அறிஞர்கள், அருகில் நிற்கும் அரசியையே குறிக்கிறது என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனெனில் இந்த வாய்பாட்டில் இறுதியில் வரும் புகழுரை இறந்தவரைச் சார்ந்து வருவதே வழக்கம். எனினும் மொழிபெயர்ப்பில் அந்தச் சொற்றொடரைப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்தால் ஐயம் மறைந்துவிடும். ஆகவே நான் இப்படி எழுதுவேன்: “மன்னன் கோர்ம் தன் மனைவி தோர்வியின் நினைவாக இந்தச் சின்னங்களைச் செய்தான் – டென்மார்க்கின் மேன்மை.”

படி 6: வாசிப்பைப் பிற சான்றுகளோடு ஒப்பிடுதல்

1200-ஐ ஒட்டி எழுதிய சாக்ஸோ, கோர்ம் இறந்தபோது தைரா உயிரோடு இருந்ததாகச் சொல்கிறார். கல்லோ, மனைவி முதலில் இறந்தாள், கணவன் அவளுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினான் என்கிறது. யெல்லிங்கின் வடமேட்டில் உள்ள புதைகுழி அறையின் மரங்கள் 958-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று மரவளையக் கணிப்பு காட்டுகிறது. அது கோர்மின் கல்லறை என்று பலர் கருதுகிறார்கள். அவ்வாறாயின் சிறிய கல் அதற்கு முந்தையது. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட ஏட்டைவிட, நிகழ்ந்த காலத்திலேயே வெட்டப்பட்ட கல்லை நம்புவதே முறை.

புதிய முறைகளும் துணைக்கு வந்துள்ளன. உளி ஏற்படுத்திய பள்ளத்தின் வடிவத்தை முப்பரிமாணத்தில் அளந்து, வெட்டியவரின் கைப்பழக்கத்தை அடையாளம் காணும் ஆய்வை, டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் லிஸ்பெத் இமரும் சுவீடனைச் சேர்ந்த அவருடைய சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்டனர். லேபோர்க் என்ற ஊரின் கல்லில் தைரா என்ற அரசிக்காக ரூன்களை வெட்டிய ராவ்னுங்கே-தூவே என்பவரே யெல்லிங்கின் பெரிய கல்லையும் வெட்டியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஆகவே இரண்டு ஊர்களிலும் வருபவள் ஒரே அரசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த பயிற்சி

இப்போது ஹரால்டின் பெரிய கல்லை, டிஆர் 42-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரிகள், ஏட்டில் எழுதியதுபோல, கிடையாக ஓடுகின்றன. சிறிய கல்லில் இல்லாத ‘ஹ்’ ரூன் முதல் சொல்லிலேயே இருக்கிறது. மூக்கொலி அகரம் பிற்பகுதியில் வருகிறது. ‘துஸி’ என்று சிறிய கல்லில் எழுதப்பட்ட சொல் இங்கே ‘தௌஸி’ என்றும், ‘துருஇ’ என்ற பெயர் ‘தௌருஇ’ என்றும் எழுதப்பட்டிருப்பதைக் குறித்துக்கொண்டு, அந்த ‘உ’ ரூனுக்கு நான்காம் படியில் நாம் கொடுத்த ஒலிகளைச் சரிபாருங்கள். பிறகு ‘அஃப்ட்’ என்ற சொல்லுக்குப் பின் கோர்மின் பெயர் எப்படி எழுதப்பட்டுள்ளது என்று பாருங்கள்: அங்கே அவன் எழுவாய் அல்லன் என்பதால், இறுதியில் ‘ற்’ இருக்காது.