தவளைவாயனைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் தட்டேக்காட்டுக்கு வண்டி கட்டுகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றங்கரையில், 1983இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. இலங்கைத் தவளைவாயனைப் பகலிலேயே கிட்டத்தில் பார்க்க வாய்ப்புள்ள இடம். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. முன்பு நாங்கள் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், சத்தம் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பக்கி என்று எழுதிவிடுவது

பக்கி (நைட்ஜார்), தவளைவாயன் இரண்டும் இரவுப் பறவைகள், இரண்டுக்கும் சருகு நிறம். பக்கி தரையிலோ, கிளையின் நீளவாக்கிலோ படுத்திருக்கும். தவளைவாயன் கிளையில் குறுக்காக நிமிர்ந்து உட்காரும். ஆண் சாம்பல் பழுப்பு, பெண் செம்பழுப்பு. ஜோடி ஒட்டி உட்கார்ந்திருந்தால் இரண்டு இனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அசையாமல் இருந்தால் பயமில்லை என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. "பாருங்க, இவ்வளவு பக்கத்துல வந்தும் பறக்கவே இல்லை" என்பார்கள். ஆபத்து நெருங்கும்போது இந்தப் பறவை செய்வதே அதுதான். தலையை மெல்ல உயர்த்தி, அலகை வானத்தைப் பார்த்து நீட்டி, கண்ணைக் கீற்றாகச் சுருக்கி, முறிந்த கிளைத்துண்டு மாதிரி நின்றுவிடும். இறகு தளர்ந்து, தலை தாழ்ந்திருந்தால்தான் அது நிம்மதியாகத் தூங்குகிறது. அலகு உயர ஆரம்பித்ததும் நாம் பின்னால் போய்விட வேண்டும்.

கூட்டில் இருக்கும்போது இது இன்னும் மோசம். கூடு என்பது பாசியும் மென்தூவியும் சேர்ந்த சின்னத் திண்டு. வெளியே மரப்பாசியும் பட்டைத் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். அதன்மேல் ஒரே ஒரு வெள்ளை முட்டை. பகலில் ஆண்தான் அடைகாக்கும். அதன் உடம்பே முட்டைக்கு மூடி. திடுக்கிட்டுப் பறந்தால் முட்டை உருண்டு விழலாம். விழாவிட்டாலும் இருண்ட புதருக்குள் அந்த வெள்ளை எட்டத்திலிருந்தே தெரியும்.

ஒரு மார்ச் மாதம் படம் எடுக்க வந்த ஒருவர், அடைகாத்துக்கொண்டிருந்த ஆணின் முகத்தை மறைத்த இலைக்கொத்தைக் கிள்ளிப்போட்டார். பறவை அசையவில்லை என்ற தைரியத்தில் மேலே தொங்கிய கொடியையும் இழுத்து ஒதுக்கினார். அடுத்த வாரம் போனபோது திண்டு மட்டும் இருந்தது. முட்டையும் இல்லை, ஆணும் இல்லை. எடுத்தது வால்காக்கையா, வேறு எதுவா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் மேலேயிருந்து பார்க்கும் எதற்கும் அந்தக் கூடு திறந்துதான் கிடந்தது. தொந்தரவு இல்லாத இடத்துக்கு மறு வருடமும் கூடு கட்ட வரும் பறவை இது. இலை மறைத்தால் மறைத்த படத்தையே எடுங்கள், தயவுசெய்து.

பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பது

வேண்டாம். தென்னிந்தியாவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்க காலம். அப்போது அறவே வேண்டாம். இருட்டும் நேரத்தில் சும்மா நின்றால், பெண்ணின் கிறீச்சிட்டு இறங்கும் குரல் தானாகவே கேட்கக்கூடும்.

பிளாஷ்

அணைத்து வையுங்கள்.

வாட்ஸப்பில் லொகேஷன் போடுவது

பகலில் தங்கும் கிளையை எளிதில் மாற்றாத பறவை. இன்று நீங்கள் அனுப்பும் புள்ளிக்கு நாளை பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

"அழியும் இனமில்லையே" என்பது

உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் இது குறைந்த கவலைக்குரிய இனம், சரி. ஆனால் பகலில் ஒளிந்திருக்கப் புதரும் கொடியும் மூங்கிலும் வேண்டும். பெரிய மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டினால் நம் கண்ணுக்கு அது காடாகவே தெரியும். தவளைவாயனுக்குத் தங்க இடம் போய்விடும். காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓடைக்கரைப் புதரையாவது வெட்டாமல் விடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஏப்ரல் முடியட்டும், வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்துவிடுங்கள்.