சராசரி இடைவெளியை நம்பாதீர்கள்

போன மாதம் இரண்டு மாணவர்கள் மடிக்கணினியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு ஊசல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மோட்டார். வைஃபை வழியே கோணங்களைப் பரிமாறிக்கொண்டு சேர்ந்து ஆட வேண்டும். சிமுலேஷனில் ஆடின, மேசைமேல் ஆடவில்லை. “அண்ணா, செய்திகளுக்கு நடுவே சராசரி இடைவெளி 50 மில்லிவினாடிதான். தாங்கும் எல்லை 100” என்றார் ஒருவர். சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அதில் எனக்கு ஒரு செமஸ்டர் போயிற்று.

1665இல் ஹைகன்ஸ் கவனித்த இரண்டு ஊசல் கடிகாரங்கள் ஒரே சட்டத்தில் தொங்கின. மரத்தின் வழியே அதிர்வு இடைவிடாமல் போய்வந்தது. வைஃபையில் அப்படி இல்லை. செய்தி வரும்போதுதான் பிடி, மற்ற நேரம் கைவிட்ட மாதிரிதான். இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இவை.

சராசரியை வைத்துக் கெயின் போடுவது

இரண்டே கணுக்களை, அதாவது இரண்டு ஊசல்களை, எடுத்துக்கொள்வோம். கடைசியாக வந்த வேறுபாட்டை 20 மடங்காக்கி, அந்த வேகத்தில் வேறுபாட்டைக் குறைக்கிறோம். இந்த 20தான் கெயின். அடுத்த செய்தி 50 மில்லிவினாடியில் வந்தால் வேறுபாடு சரியாகப் பூஜ்ஜியம். 100இல் வந்தால் அதே அளவு, ஆனால் எதிர்த்திசையில்; அதுதான் எல்லை. 200 ஆகிவிட்டால் மூன்று மடங்கு! பழைய தகவலை நம்பித் தொடர்ந்து இழுத்ததன் பலன் அது.

இதுவரை சொன்னது நேரியல் கணக்கு. அதில் அடுத்த செய்தி நேரத்துக்கு வந்தால் நிலைமை சரியாகிவிடும். ஊசலில் அந்த உத்தரவாதம் இல்லை. மோட்டார் தன் உச்ச விசையைத் தொட்டு நிற்கும், ஊசல் தலைகீழ் நிலையைத் தாண்டிச் சுழன்றுவிடும். அப்புறம் எத்தனை நல்ல செய்தி வந்தும் பயனில்லை.

என் ஊசல்கள் பகல் பன்னிரண்டரைக்கு மேல்தான் குலையும். தேக்காவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் ஒன்று கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து அறையில் எல்லாரும் மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்கும் நேரம் அது. அந்த அடுப்பும் என் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். சராசரி அப்போதும் பெரிதாக ஏறவில்லை. எப்போதாவது வந்த நீண்ட இடைவெளிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது அடுத்து எல்லாரும் செய்யும் காரியத்தில். ஒத்திசைவு வரவில்லையா, கெயினைக் கூட்டு! 20ஐ 40 ஆக்கினால் 100ஆக இருந்த எல்லை 50 ஆகிவிடும். வலுவாகப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு தாங்கும் இடைவெளியைப் பாதியாக்குகிறோம்.

அந்த மாணவர்களைப் பாக்கெட் வந்த நேரங்களை மட்டும் ஒரு மணி நேரம் பதியச் சொன்னேன். சராசரி 50தான். மிக நீண்டது 310. அந்த 310ஐ வைத்துத்தான் கெயின் போட வேண்டும்.

இடைவெளியில் சும்மா இருப்பது

அண்டைக் கணுவின் சமன்பாடு தெரியும் என்றால், அடுத்த செய்தி வரும்வரை அதன் நகலை உங்களிடமே ஓட்டுங்கள். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட அது நல்லது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. குழப்ப இயக்கத்துக்குப் (chaos) பேர்போன லோரன்ஸ் அமைப்பில், அதன் சமன்பாட்டு எண்களுக்கு 10, 28, 8/3 என்ற வழக்கமான மதிப்புகளைப் போட்டால், சிறு பிழை சராசரியாக 0.77 கால அலகில் இரட்டிப்பாகும்; நகலும் அவ்வளவு வேகமாக விலகிப்போகும்.

யார் பேச்சு யாருக்குப் போகிறது என்று பார்க்காதது

ஏதாவது ஒரு கணுவிலிருந்தாவது மற்ற எல்லாக் கணுக்களுக்கும் செய்தி போக வழி இருக்க வேண்டும். முதலில் தாளில் வரையுங்கள்.

நேரமுத்திரை

கோணத்தோடு அதை அளந்த நேரத்தையும் அனுப்புங்கள், செய்தி வந்து சேர்ந்த நேரத்தை நம்பாதீர்கள்.