பழைய வரியில் இன்றைய உரிமையைத் தேடுவது எப்படி

விடுதி வார்டன் செல்போனை வாங்கித் திறந்து பார்த்துவிட்டார் என்று ஒரு கல்லூரி மாணவி என் அலுவலகத்துக்கு வந்தாள். "1950-இல் வந்த சட்டத்தில் போனுக்கு என்ன மேடம் இருக்கும்?" என்று என் ஜூனியர் கேட்டாள். அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சட்டத்தின், அதாவது அரசியலமைப்பின், பிரிவு 21-ஐக் கையால் எழுதுங்கள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அவ்வளவுதான். தனியுரிமை என்ற சொல்லே அதில் கிடையாது.

அப்புறம் அதன் கீழே ஆண்டுகளைக் குறியுங்கள். 1950, தடுப்புக் காவலை எதிர்த்த ஏ.கே. கோபாலன் வழக்கு. எதிர்த்தரப்பு நமது சென்னை மாநில அரசு. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை வகுத்துவிட்டால் போதும், அது நியாயமா என்று நீதிமன்றம் பார்க்காது என்றது உச்ச நீதிமன்றம். 1978, மேனகா காந்தி வழக்கு. காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டை முடக்கினார்கள். நடைமுறை நியாயமாகவும் இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இடையில் நெருக்கடி நிலை வந்துபோயிருந்தது. அதை விட்டுவிட்டு 1978-ஐப் படித்தால் பாதிதான் புரியும்.

அடுத்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள்: மாறுபட்ட தீர்ப்புகளை, அதாவது பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதி எழுதியவற்றை, படிப்பது. 1962-இல் கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் போலீஸ் ஒரு மனிதரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தது. அந்த இரவு வருகை செல்லாது என்றது பெரும்பான்மை. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. தூக்கத்தைக் காப்பாற்றிவிட்டு அதற்கான காரணத்தை மறுத்தது எனக்கு இன்றும் மனதுக்கு ஒப்பவில்லை. நீதிபதி சுப்பா ராவ் தனியாக எழுதினார்: தனியுரிமை இல்லாமல் சுதந்திரம் இல்லை என்பதே அதன் சாரம். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் சொன்ன புட்டசாமி வழக்கில் அவர் பக்கம்தான் வென்றது. அன்று தோற்ற பக்கங்களில்தான் நாளைய வாதம் கிடைக்கும் என்பதை என் ஜூனியர்களிடம் விடாமல் சொல்கிறேன்.

நீதிபதிகளின் எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். 1954-இல் எட்டு நீதிபதிகள் தனியுரிமைக்கு எதிராகச் சொல்லியிருந்தார்கள். அதை மாற்ற 2017-இல் ஒன்பது பேர் உட்கார வேண்டியிருந்தது. சிறிய அமர்வின் அழகான வரியை நம்பிப் போய் நிற்காதீர்கள்.

சரி, உரிமை கிடைத்துவிட்டது. அதற்கு எல்லையும் உண்டு. அரசு தலையிட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அதற்குச் சட்டம் இருக்கிறதா, நோக்கம் நியாயமானதா, தலையீடு தேவைக்கு மிஞ்சியதா? தனியார் விடுதி என்றால் வாதம் இன்னும் கடினம். அதை அந்தப் பெண்ணிடம் மறைக்கவில்லை.

கடைசியாக, உங்கள் கதைக்கு நெருங்கிய தீர்ப்பைத் தேடுங்கள். மாலை 6 முதல் இரவு 10 வரை போனைத் தொடக் கூடாது என்ற விடுதி விதியை எதிர்த்து ஒரு மாணவி 2019-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் வென்றாள். இணைய வசதி கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்றது நீதிமன்றம். வேறு மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு என்பதால் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். அதை அச்செடுக்கச் சொல்லிவிட்டு, விடுதி விதிமுறைத் தாளையும் வார்டன் போனை வாங்கிப் பார்த்த தேதியையும் எழுதிக் கொண்டு வரும்படி மாணவியை அனுப்பினேன்.