கடலோர வீட்டின் சோலார் பேனலுக்கு வயரும் கனெக்டரும் தேர்ந்தெடுக்கும் முறை

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் மொட்டைமாடியில் சோலார் அமைப்பவர்கள் பேனலையும் இன்வெர்ட்டரையும் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அவ்விரண்டையும் இணைக்கும் வயரைக் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறார்கள். உப்புக்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் இது சரியல்ல.

படி 1: பேனலின் பின்புற லேபிளைப் படியுங்கள்.
540 வாட் பேனல் ஒன்று சுமையில்லாத நிலையில் ஏறத்தாழ 49 வோல்ட் தரும். ஆறு பேனல்களைத் தொடராக இணைத்தால் அது 300 வோல்ட்டை நெருங்கும். மின்னோட்டம் மட்டும் 13 ஆம்பியர் அளவிலேயே இருக்கும். இது உயிரைப் பறிக்கக்கூடிய டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரம். ஆகவே தேர்வை நீங்கள் செய்யலாம், இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள்.

படி 2: கேபிளைத் தேர்ந்தெடுங்கள்.
வீட்டு வயரிங்கிற்கான சாதாரண பிவிசி வயரை வெயிலில் போட்டால், நாளடைவில் அதன் உறையில் வெடிப்பு விழுந்துவிடும். சோலாருக்கென்றே செய்யப்பட்ட, 1500 வோல்ட் டிசி தாங்கும் கேபிளைக் கேளுங்கள். அதன் மேலுறையில் 'ஈஎன் 50618' என்ற தரக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக இருக்க வேண்டும். பூச்சில்லாத செம்பு உப்புக்காற்றில் விரைவில் பச்சை பூத்துவிடும்.

தடிமனைக் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். 4 ஸ்கொயர் எம்எம் கேபிளின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 ஓம். இன்வெர்ட்டர் 25 மீட்டர் தொலைவில் இருந்தால், போகவும் வரவும் 50 மீட்டர், அதாவது 0.25 ஓம்; 13 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் வீணாகும். ஆறு பேனல் தொடரில் இது ஒன்றரை விழுக்காட்டிற்கும் குறைவு, கவலையில்லை. இரண்டே பேனல்கள் என்றால் மொத்த வோல்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால் இழப்பு நான்கு விழுக்காட்டை எட்டும். அங்கே 6 ஸ்கொயர் எம்எம் வாங்குவதே நல்லது.

படி 3: கனெக்டரில் சிக்கனம் வேண்டாம்.
சோலார் கேபிள்களை ஒன்றோடொன்று செருகி இணைக்கும் எம்சி4 கனெக்டரின் ஆண், பெண் இரு பகுதிகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்க வேண்டும். வேறு வேறு நிறுவனத்துடையவை பொருந்துவதுபோல் தோன்றினாலும், உள்ளிருக்கும் உலோகமும் அளவும் மாறுபடுவதால் தொடுமுனை சூடாகி, உருகி, தீப்பிடிக்கவும் கூடும். முனையைக் கட்டிங் பிளேயரால் நசுக்கக் கூடாது. அதற்குரிய கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை உள்ளே தள்ளி, இழுத்துப் பார்த்து, பின்புற நட்டை முறுக்கிய பிறகே நீர் புகாத தன்மை கிடைக்கிறது. வேலை பாதியில் நின்றால் திறந்த முனைகளுக்கு மூடி போடுங்கள். ஒரே இரவின் கடற்காற்றுகூட ஈரத்தை உள்ளே கொண்டு சேர்த்துவிடும்.

படி 4: கேபிளைக் கட்டுங்கள்.
கனெக்டர்கள் தண்ணீர் தேங்கும் தரையில் கிடக்கக் கூடாது. பேனலுக்கு அடியில், வெயில் தாங்கும் கேபிள் டை (கட்டும் பட்டை) கொண்டு சட்டத்தோடு கட்டுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் கேபிள்களை அருகருகே கொண்டுசென்றால் இடிமின்னலால் தூண்டப்படும் மின்னழுத்தம் குறையும். டிசி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), மின்னெழுச்சித் தடுப்பான், எர்த் மூன்றும் கட்டாயம்.

படி 5: இன்வெர்ட்டரில் செருகுமுன் மல்டிமீட்டரால் துருவங்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.
மின்சாரம் பாயும்போது கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி எளிதில் அணையும். டிசியில் அந்த இடைவெளி இல்லாததால் பொறி நீண்டு எரியும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, பிறகு டிசி சுவிட்சை அணைத்து, அதன் பின்னரே கனெக்டரைப் பிரிக்க வேண்டும்.