குடும்பப் படங்களைப் பாட்டோடு டிவிடி ஆக்குவது எப்படி

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுங்கள், படங்களைப் பிறகு பார்க்கலாம். எத்தனை படம் வேண்டும் என்பதைப் பாட்டின் நீளம்தான் தீர்மானிக்கும். படத்துக்கு 5 விநாடி என்றால் 4 நிமிடப் பாட்டுக்கு 48 படம். மூன்று பாட்டுக்கு 12 நிமிடம், 144 படம். வீட்டில் உள்ளவர்கள் நடுவில் எழுந்து போகாமல் பார்ப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதிப் படங்களை ஸ்லைடுஷோவில் திணிக்காதீர்கள். அவற்றை அதே டிஸ்க்கில் தனி ஃபோல்டராகக் கொடுத்துவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு படம் மங்கி அடுத்தது தெளியும் அந்த 1 விநாடி இரண்டு படங்களுக்கும் பொது. எனவே 5 விநாடிப் படங்கள் 48-ஐ 1 விநாடி மாற்றங்களோடு அடுக்கினால் 240 விநாடி வராது. 240-இல் 47 போய் 193-தான் மிஞ்சும். பாட்டின் கடைசி முக்கால் நிமிடம் கறுப்புத் திரையில் ஓடும். படத்துக்கு 6 விநாடி கொடுங்கள், 241 வரும், சரியாகப் பொருந்திவிடும். எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் வேண்டியதில்லை. ஒற்றை முகத்துக்கு 4 விநாடி போதும். இருபது பேர் நிற்கும் கூட்டப் படத்துக்கு 8 விநாடியாவது வேண்டும், ஆளாளுக்குத் தங்களைத் தேடுவார்கள்.

ஆல்பத்தில் உள்ள பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது 4×6 அங்குலப் பிரதிக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். 1800×1200 பிக்சல் கிடைக்கும். டிவிடியின் ஃபிரேமே 720×576-தான். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்க வேண்டுமானால் 600 வையுங்கள். பசைப் பக்கத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை மெல்ல விலக்கிவிட்டு, பக்கத்தோடு ஸ்கேனரில் வைத்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் எடுத்த தேதி அழிந்திருக்கும், அளவும் சுருங்கியிருக்கும். அசலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். தேதிப்படி அடுக்குவதை நம்பாமல் ஃபைல்களுக்கு 010, 020, 030 என்று பெயரிடுங்கள். பெரியம்மா கடைசி நேரத்தில் நான்கு படம் கொண்டுவந்தால் இடையில் 021, 022 என்று செருக இடம் இருக்கும். ஐபோனின் ஹெய்க் படங்களை ஜேபெக் ஆக்கிவிடுங்கள். பக்கவாட்டில் படுத்திருக்கும் படங்களை நிமிர்த்திச் சேமித்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். ஃபைலில் பதிந்திருக்கும் சுழற்சிக் குறிப்பைச் சில மென்பொருள்கள் படிப்பதில்லை.

நெட்டுக்குத்தான படங்களை அகலத் திரை முழுக்க நிரப்பினால் தலை போகும், இல்லை கால் போகும். அப்படிப்பட்ட இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அல்லது அதே படத்தை மங்கலாக்கிப் பின்னணியில் விரியுங்கள்.

வீடியோவை உருவாக்க ஷாட்கட், கேடென்லைவ், ஓபன்ஷாட் என்ற மென்பொருள்கள் மூன்றும் இலவசம், எதுவும் சரி. புராஜெக்ட்டை 1920×1080, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று அமையுங்கள். படம் மெல்ல நெருங்கும் அசைவு வேண்டுமென்றால் 100-லிருந்து 110 சதவீதம் வரை போதும், அதுவும் முகத்தை நோக்கி. மாற்றத்துக்கு டிசால்வ் (ஒன்று மங்கி அடுத்தது தெளிவது) ஒன்றே போதுமானது. சுழலும் கனசதுரம், பறக்கும் இதயம் எல்லாம் மென்பொருளில் இருக்கின்றன என்பதற்காகப் போடவேண்டாம். நாலாவது முறை வரும்போது சலித்துவிடும்.

பெயரையும் ஆண்டையும் எழுதுவதானால் நாலு ஓரத்திலும் 10 சதவீதம் விட்டு உள்ளே எழுதுங்கள். பழைய டிவிகள் ஓரத்தை வெட்டிவிடும். இன்னொன்று, தமிழ் எழுத்துகளைச் சில மென்பொருள்கள் உடைத்துவிடும்: ‘கொ’வின் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நிற்கும். முதலில் ‘பௌர்ணமி’, ‘கொலு’ என்று அடித்துப் பாருங்கள். உடைந்தால் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸில் எழுதி, படமாக ஏற்றுமதி செய்து செருகுங்கள்.

பாட்டில் கவனம் வேண்டிய இடம் இணைப்பு. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பாட்டுகளின் சத்தம் ஒரே அளவில் இருக்காது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் லவுட்னஸ் நார்மலைசேஷனை மைனஸ் 16 LUFS-இல் (ஒலி உரப்பின் அலகு) வைத்து எல்லாவற்றையும் சமமாக்குங்கள். தொடக்கத்தில் 2 விநாடி, முடிவில் 4 விநாடி ஃபேட் கொடுங்கள், சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பாட்டைச் சுருக்க வேண்டுமென்றால் சரணத்தின் நடுவில் வெட்டாதீர்கள். முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்பிய இடத்தில் வெட்டினால் வெட்டியதே தெரியாது. இடையிசையில் படங்களைச் சற்று வேகமாக விட்டு, சரணம் தொடங்கும்போது புதுக் காலகட்டத்துக்கு மாறினால் கேட்பதும் பார்ப்பதும் ஒன்றாக நகரும். ஸ்ட்ரீமிங் செயலியின் ‘டவுன்லோடு’ அந்தச் செயலிக்குள்தான் ஓடும், இதற்கு உதவாது; விலைக்கு வாங்கிய ஃபைலோ சொந்த சிடியோ வேண்டும். சிடியின் ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், டிவிடிக்கு 48 தேவை. ஏற்றுமதியில் 48 என்று குறிப்பிடுங்கள்.

முடித்ததை எம்பி4 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இந்த ஃபைலை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் அது வெறும் டேட்டா டிஸ்க். கம்ப்யூட்டரில் ஓடும், பல டிவிடி பிளேயர்களில் ஓடாது. பிளேயருக்கு எம்பெக்-2 வடிவமும், ‘வீடியோ டிஎஸ்’ (VIDEO_TS) ஃபோல்டருக்குள் அதற்கே உரிய ஃபைல் அமைப்பும் வேண்டும். டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள் இதைச் செய்துவிடும். புது புராஜெக்ட்டில் ‘பேல்’ (PAL, நம் ஊர் டிவி முறை), 16:9 தேர்ந்தெடுங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் உள்ள உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால் அங்குள்ள முறையான ‘என்டிஎஸ்சி’ (NTSC): பேல் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், அங்குள்ளவை பலதும் ஓட்டாது. வீடியோ பிட்ரேட்டை (விநாடிக்கு ஓடும் டேட்டாவின் அளவு) 8 எம்பிபிஎஸ்ஸுக்கு (மெகாபிட்) மேல் ஏற்றாதீர்கள். உச்சவரம்பு 9.8 என்றாலும், எழுதிய டிஸ்க்கில் அவ்வளவு ஏற்றினால் பழைய பிளேயர்கள் திக்கும். ஒலிக்கு ஏசி-3 வடிவம். மெனுவில் பாட்டுக்கொரு பட்டன் போதும்.

மெல்லிய கோடுகளும் சேலைக் கட்டங்களும் பழைய டிவியில் மினுமினுத்தால், அந்தப் படத்தை மட்டும் லேசாக மங்கலாக்குங்கள்.

நேரே டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலில்) எடுத்து விஎல்சி பிளேயரில் முழுதும் ஓட்டிப் பாருங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். இடம் குறையவில்லை, எண்ணும் அலகுதான் வேறு. 12 நிமிடம் 8 எம்பிபிஎஸ்ஸில் முக்கால் ஜிபியைத் தாண்டாது. எனவே அசல் படங்களையும் எம்பி4-ஐயும் ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபோல்டராக வைக்கலாம். பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம்.

எழுதும் வேகம் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ். முடிந்ததும் ஃபைனலைஸ் (டிஸ்க்கை மூடி முடிப்பது), வெரிஃபை (எழுதியதைச் சரிபார்ப்பது) இரண்டும் ஓடட்டும். ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க் எழுதிய கம்ப்யூட்டரில் ஓடும், வேறெங்கும் ஓடாமல் போகலாம். பத்துப் பிரதி போடுவதற்கு முன் ஒன்றை, எந்த டிவியில் பார்க்கப்போகிறார்களோ அதில் கடைசிப் படம் வரை ஓட்டுங்கள். காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்: எடை ஒருபக்கம் சாய்ந்து டிஸ்க் அதிரும், பசை காலப்போக்கில் உரியும். சிடி மார்க்கரால் எழுதினால் போதும்.