வெப்பமூட்டாத பொலித்தீன் குடில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்திலும் கீரை, கரட் பறிக்கலாம் என்று ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நம்மவர் பலர் இப்போது வீட்டு வளவில் பொலித்தீன் குடில் (வளைகம்பிகளின் மேல் பொலித்தீன் விரித்த கூடாரம்) போடுகிறார்கள். வளைகம்பியை ஆழமாக ஊன்ற வேண்டும் என்பதையெல்லாம் குடில் விற்பவரே சொல்லிவிடுவார். நாங்கள் முன்பு செய்த தவறுகளையே புதியவர்களும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன்.

ஒக்டோபரில் விதைப்பது

ஒக்டோபர் நடுவில் தக்காளியைப் பிடுங்கிய கையோடு ஸ்பினாச் விதைத்துவிட்டு, குடிலுக்குள்தானே, வளர்ந்துவிடும் என்று இருப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். குடில் காற்றைத் தடுக்கும், பகற்குளிரைத் தணிக்கும். வெளிச்சத்தைக் கூட்டாது, பொலித்தீன் அதில் ஒரு பங்கைக் குறைத்தே உள்ளே விடும். நவம்பர் இரண்டாம் வாரம் தொட்டு பெப்ரவரி தொடக்கம் வரை இங்கே பகல்பொழுது 10 மணி நேரத்துக்கும் குறைவு என்பதால், அந்நாட்களில் செடி ஏறக்குறைய வளராமல் நின்றுவிடுகிறது. நவம்பர் பிறக்கையில் இலை என்ன அளவோ, ஜனவரியில் வெட்டப்போவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அப்படிப் பிந்தி விதைத்த நண்பர் ஒருவர், நகக்கண் அளவு இலைகளைக் காட்டி, "அண்ணை, ஒரு ஹீற்றர் வைச்சால் வளருமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியும் வைத்தார். மின்கட்டணம் ஏறியது, வெளிச்சமில்லாத சூட்டில் நாற்றுகள் வெளிறி, நெடுத்து, சாய்ந்தன. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். சூடேற்றாமல், துணியால் மூடி அப்படியே விட்டிருந்தால் அதே நாற்றுகள் மார்ச்சில் நல்ல கீரை தந்திருக்கும்.

கரட்டை ஓகஸ்ட் தொடக்கத்திலும், ஸ்பினாச்சை ஓகஸ்ட் கடைசிக்கும் செப்ரெம்பர் நடுவுக்கும் இடையிலும் விதைத்துவிட வேண்டும். காய்த்துக்கொண்டிருக்கும் தக்காளியைப் பிடுங்க மனம் வராததே தாமதத்துக்கு உண்மையான காரணம். அதற்கு, ஸ்பினாச் நாற்றைத் தட்டில் வளர்த்து வைத்திருந்து, செப்ரெம்பர் கடைசியில் பாத்தி காலியானதும் நடலாம்.

ஒற்றை விரிப்பை நம்புவது

உறைபனி பிடிக்கும் இரவில் குடிலின் உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே குளிர்தான். சிறு கம்பி வளைவுகளின் மேல், இலையில் படாதவாறு, உறைபனியிலிருந்து செடியைக் காக்கும் மெல்லிய துணியை விரியுங்கள்.

கதவைச் சாத்தியே வைப்பது

வெளியே உறைகுளிர் என்றாலும், வெயில் அடிக்கும் பெப்ரவரி நண்பகலில் உள்ளே 20 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் தளதளக்கும் இலை இரவுக் குளிரைத் தாங்காது. அடைபட்ட ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். காலையில் திறந்து, வெயில் இறங்குமுன் சாத்துங்கள்.

உறைந்த இலையை வெட்டுவது

வெட்டாதீர்கள், உருகட்டும்.

மலிவு விரிப்பு

புறஊதாக் கதிரைத் தாங்காத பொலித்தீன் ஒரு கோடையிலேயே நொறுங்கத் தொடங்கும்.