வசந்த கால பிரிட்டன்: திட்டம் போடும்போதே சொதப்பும் இடங்கள்

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அனுப்பும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் லண்டன். இரண்டாம் நாள் காலை ஸ்டோன்ஹெஞ்ச், மதியம் பாத், மாலை கோட்ஸ்வோல்ட்ஸ். மறுநாள் லேக் டிஸ்ட்ரிக்ட், அதற்கு மறுநாள் எடின்பரோ. வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் இதில் தப்பே தெரியாது. ஆனால் பிரிட்டனின் கிராமப்புறத்தில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மாளிகைக்குள் கடைசியாக எத்தனை மணி வரை விடுவார்கள், பப்பில் சமையலறையை எப்போது மூடுவார்கள், கடல் எப்போது சாலையை மூடும் என்பதெல்லாம்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். இதைப் பார்க்காமல் போடுகிற திட்டம் இரண்டாம் நாளே கலைந்துவிடும்.

முதலில் தேதி. ஈஸ்டர் ஆண்டுதோறும் நகரும். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2027இல் அது மார்ச் 28. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாளும் அதே ஞாயிறுதான், அன்று காலை ரயிலுக்கு முன்பதிவு செய்திருப்பவர்கள் கவனிக்கவும். ஈஸ்டர் வார இறுதியில் பயணிகள் கூட்டம் அலைமோதும். அதே நாட்களில்தான் நெட்வொர்க் ரெயில் தண்டவாளப் பராமரிப்பையும் வைத்துக்கொள்ளும். ரயிலுக்குப் பதில் பேருந்தில் ஏற்றி, ஒரு மணி நேரப் பயணத்தை இரண்டரை மணி நேரமாக்கிவிடுவார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளைத் திறக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. நல்லவேளையாக, இங்கிலாந்தின் பல ஊர்களில் அந்தச் சின்னக் கடையை நடத்துபவர் நம் ஈழத்துக்காரராகவே இருப்பார்.

மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை. கடைசித் திங்களை ஒட்டிப் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறையும் உண்டு, விடுதி வாடகை ஏறிவிடும். என்னைக் கேட்டால் இந்த இரண்டுக்கும் நடுவே, மே இரண்டாம் மூன்றாம் வாரங்களின் வேலைநாட்களில் வாருங்கள். இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். ஸ்காட்லாந்து போனால் கடிக்கும் மிட்ஜ் பூச்சிகளும் அப்போது பெரிதாகத் தலைகாட்டியிருக்காது.

கோட்ஸ்வோல்ட்ஸ் என்பது ஓர் ஊர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது சுமார் 2,000 சதுர கிலோமீட்டருக்கு, குளஸ்டர்ஷையர், ஆக்ஸ்ஃபோர்டுஷையர் என்று பல கவுன்டிகளில் விரிந்து கிடக்கும் குன்றுப் பிரதேசம். "கோட்ஸ்வோல்ட்ஸ் பார்த்துவிட்டு இரவு லண்டன் திரும்பிவிடுவோம்" என்பவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது பைபரி கிராமத்தில். அங்கே ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை, 1380 வாக்கில் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர், செங்குத்தாகச் சரியும் கல் ஓட்டுக் கூரை. முன்னால் இருக்கும் ஈர நிலத்தில்தான் அந்தக் காலத்தில் துணியைச் சட்டத்தில் விரித்துக் காயவைத்தார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் காலை பதினொரு மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்து சேர்ந்தபின் அந்தச் சின்ன நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பது, வாசல்படியில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பது, தோட்டத்துக்கு மேலே ட்ரோன் விடுவது, இதையெல்லாம் நம் தெருவில் யாராவது செய்தால் என்ன சொல்வோம்? போவதானால் காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், இல்லையேல் மாலை ஐந்துக்குப் பிறகு. அல்லது பைபரியை விட்டுவிட்டு சிப்பிங் கேம்ப்டனுக்குப் போங்கள். 1627இல் கட்டிய சந்தைக் கூடம் ஊர் நடுவில் அப்படியே நிற்கிறது. கரடுமுரடான கல் தரையில், வளைவுகளுக்கு நடுவே உட்கார்ந்து மழை விடும்வரை காத்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். கம்பளிப் பணம் இந்தப் பகுதியில் என்னவெல்லாம் செய்தது என்று பார்க்க வேண்டுமானால் நார்த்லீச் தேவாலயத்துக்குள் நுழையுங்கள்; அந்தச் சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய தேவாலயம்.

கார் இல்லாதவர்கள் லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்டன்-இன்-மார்ஷ் வரை ரயிலில் வரலாம், சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பேருந்து. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் ஒரு பயணத்துக்கு அதிகபட்சக் கட்டணம் 3 பவுண்டு என்று 2025 ஜனவரியில் ஆக்கினார்கள், எனவே செலவு பிரச்சினையில்லை. பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை. பல கிராமங்களுக்கு அன்று பேருந்தே கிடையாது.

அடுத்து பூக்கள். ஏப்ரல் கடைசியில் வந்து டாஃபடில் தேடுபவர்கள் ஏமாறுவார்கள், தென் இங்கிலாந்தில் அது மார்ச்சிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். வடக்கே கொஞ்சம் தாமதம்: கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரத்தியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் புகழ்பெற்ற டாஃபடில்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15 அன்று. அவை கைக்கு அடக்கமான, வெளிறிய மஞ்சள் காட்டுப் பூக்கள். சாலையோரம் கவுன்சில் நட்டுவைக்கும் பெரிய ரகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

காட்டுத் தரை முழுவதும் நீலமாக விரியும் புளூபெல்லுக்கு ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை காலம், ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு வாரம் முன்பின் ஆகும். லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட் போன்ற இடங்களில் பாதைக்கு வெளியே போகாதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். அதை மீறி நடுவில் போய் நின்று படம் எடுப்பவர்கள், பூவை மிதிக்காமல் கவனமாக நடந்தோமே என்பார்கள். சேதம் இலையில்தான். இலை நசுங்கினால் செடியால் மண்ணுக்கடியில் இருக்கும் குமிழுக்கு உணவு சேர்க்க முடியாது. அந்த இடம் பழையபடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிச் சுருக்கமாக. சாதாரண டிக்கெட்டில் கல் வட்டத்துக்குள் விடமாட்டார்கள், கயிற்றுக்கு வெளியே சுற்றி நடக்கலாம். உள்ளே போக, அதிகாலை அல்லது மாலை நேரத்துக்கான தனி டிக்கெட்டை வெகு முன்கூட்டியே வாங்க வேண்டும். கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், இன்னொரு கல் வட்டம் உள்ள ஏவ்பரிக்குப் போங்கள். வட்டத்துக்குள்ளேயே ஊரின் ஒரு பகுதி இருக்கிறது, கற்களுக்கு நடுவே ஆடு மேயும், கார் நிறுத்தத்தான் கட்டணம். இரண்டும் 1986இல் சேர்ந்தே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. பழைய கோட்டை, மடாலயம் என்று பல இடம் பார்ப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டாதீர்கள். இப்படிப்பட்ட இடங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு வெளிநாட்டுப் பயணிகளுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறது. அது நேஷனல் டிரஸ்ட் இடங்களில் செல்லாது, வேறு அமைப்பு.

வடக்கே நார்தம்பர்லாந்துக்குப் போனால் கூட்டம் குறைவு. கி.பி. 122இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவரை அங்கே பார்க்கலாம். அங்கே பள்ளத்தில் தனியாக நிற்கும் மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு செய்தி: 2023 செப்டம்பரில் அதை வெட்டிவிட்டார்கள். இப்போது அடிமரமும் அதிலிருந்து விட்ட துளிர்களும்தான்.

அதே மாவட்டத்தின் கடற்கரையில்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு நடக்கிறது. லிண்டிஸ்ஃபார்ன் என்கிற ஹோலி ஐலண்ட், 635இல் புனித ஏய்டன் மடம் நிறுவிய இடம், 793இல் வைக்கிங்குகள் சூறையாடிய இடம். தீவுக்குப் போகும் ஒரே சாலை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்கடியில் போய்விடும். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களைக் கவுன்டி கவுன்சில் அட்டவணையாக இணையத்தில் வெளியிடுகிறது, சாலை தொடங்கும் இடத்திலும் ஒட்டியிருக்கிறது. அப்படியும் ஆண்டுதோறும் கார்கள் மாட்டிக்கொள்கின்றன. காரணம், கண்ணை நம்புவது. நேரம் முடிந்த பிறகும் தார்ச்சாலை காய்ந்துதான் தெரியும். இன்னும் பத்து நிமிடத்தில் போய்விடலாம் என்று தோன்றும். நடுவில் ஒரு தாழ்வான ஓடைப்பகுதி உண்டு, அங்கே தண்ணீர் வேகமாக ஏறும். அந்த இடத்தில் உயரமான மரக்கால்களின் மேல் ஒரு வெள்ளைக் குடில், ஏணியோடு. காரைக் கைவிட்டுவிட்டு ஓடி ஏறுவதற்காகவே கட்டியது. உயிர்காப்புப் படகுக்காரர்கள் காசு வாங்காமல் மீட்பார்கள். காரை மீட்க மாட்டார்கள், உப்புத்தண்ணீர் குடித்த வாடகைக் காருக்கு யார் பணம் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நேற்று பன்னிரண்டு மணி வரை விட்டார்கள், இன்றும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. அலை நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தீவிலுள்ள கோட்டை திறக்கும் நேரமும் அதற்கேற்பவே மாறும். எனவே தேதி முடிவாகும் முன்பே அந்த அட்டவணையைப் பார்த்து, நடுப்பகலில் சாலை திறந்திருக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அல்லது கடல் மூடியிருக்கும் நேரத்தில் தீவுக்குள்ளேயே இருங்கள். பகல்நேரப் பயணிகள் போனபின் கிடைக்கும் அமைதிக்காகவே ஓர் இரவு தங்கலாம்.

கார் ஓட்டுபவர்களுக்கு: நம்மூர் போல இடப்பக்கம்தான், அந்தத் தைரியம்தான் சிக்கல். கிராமச் சாலையில் வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால் 60 மைல் வரை ஓட்டலாம் என்று அர்த்தம், ஓட்ட வேண்டும் என்றில்லை. இருபுறமும் ஆளுயர வேலி, வளைவுக்கு அப்பால் டிராக்டர் இருக்கலாம், குதிரையும் இருக்கலாம். குதிரையைக் கடக்கும்போது 10 மைலுக்கு மேல் போகாமல், இரண்டு மீட்டர் இடம் விடுங்கள். எதிர்வண்டிக்கு ஒதுங்குவதற்கான அகலமான இடங்களில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் பல வாரம் முன்பே சொல்லிவையுங்கள்.

உடை விஷயம்: ஏப்ரலில் பகல் 12 டிகிரி, இரவு 4 டிகிரி சகஜம். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். புல்வெளிப் பாதைகளில் சேறு மே வரை காயாது, வெள்ளை ஷூ வேண்டாம். வேல்ஸில் உள்ள ஸ்னோடன் போன்ற உயரமான மலையில் ஏப்ரலிலும் பனி இருக்கலாம்.

அப்புறம் சாப்பாடு. மதியம் மூன்று மணிக்கு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பப் திறந்திருக்கும், பீர் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. பல பப்களில் சமையலறையை இரண்டரை வாக்கில் மூடினால் மீண்டும் ஆறு மணிக்குத்தான். ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பிட உள்ளூர்க்காரர்களே வாரம் முன்பு மேசை பிடித்துவிடுவார்கள். சைவக்காரர்களுக்கு ஏதாவது ஒன்றிரண்டு வகை இருக்கும். அதுவும் தீர்ந்துவிட்டால் சிப்ஸ்தான். காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பங்களை இங்கே கிண்டல் செய்பவர்கள் உண்டு. மூன்று மணிக்கு அந்தப் பப் வாசலில் நின்றால் யார் புத்திசாலி என்று தெரியும்.